மாசத்துக்கு ஒரு தடவ எடுக்குற பிக்கப், முன்னாடி வலது வீல் மட்டும் கொதிக்குது, எங்க இருந்து தேட ஆரம்பிக்கறது?

தோட்டத்து வண்டி

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட பழைய டீசல் பிக்கப் ஒன்னு இருக்கு, முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. அப்பா ஓட்டின வண்டி, விக்க மனசு வரல, ஆனா எனக்கு அதுல தினமும் வேலையும் இல்ல, மாசத்துக்கு ஒரு தடவ எடுப்பேன், சில சமயம் ரெண்டு மாசம்கூட அப்படியே நிக்கும்.

பத்து நாளைக்கு முன்னாடி எடுத்துட்டு ஒரு 25 கிலோமீட்டர் போயிருப்பேன். முதல் பத்து கிலோமீட்டர்ல ஒன்னுமே தெரியல, அப்புறம் வண்டி இழுக்க மாட்டேங்குது, நாலாவது கியர்ல போற இடத்துல மூனாவது கேக்குது, ஸ்டியரிங் லேசா வலது பக்கமா போகுது, கூடவே கிளட்ச் கருகுற மாதிரி ஒரு வாசம். ஓரங்கட்டி இறங்கி பாத்தா முன்னாடி வலது வீல்ல இருந்து புகை, கிட்ட கை கொண்டு போக முடியல. மத்த மூனும் வெதுவெதுன்னு தான் இருக்கு. அரை மணி நேரம் நின்னு ஆறினதும் எடுத்தா ஒன்னுமே நடக்காத மாதிரி ஃப்ரீயா ஓடுது.

ஒரு பட்டறையில காட்டினேன். ஆறின வண்டிய ஜாக்கி போட்டு வீல சுத்தி பாத்தாங்க, நல்லா தான் சுத்துச்சு, பிரேக் பேட் மாத்தி அனுப்பிட்டாங்க. மூனு நாள் கழிச்சு எடுத்தா அதே வீல், அதே புகை. இந்த தடவ கடைசில பெடல் வேற பஞ்சு மாதிரி கீழ இறங்குச்சு, அது தான் பயமா இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க, ஸ்பேனர் பிடிக்க தெரியும், நேரமும் இருக்கு.

நெடுவழி

தம்பி மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்தது எல்லாம் அப்புறம். பெடல் பஞ்சா இறங்குச்சுன்னா அந்த வீலோட காலிப்பருக்குள்ள, அதாவது பேட் வச்சு டிஸ்க்க கவ்வற பாகத்துக்குள்ள, பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. ஆவி ஆன எண்ணெய அழுத்தினா அழுத்தம் வீலுக்கு போகாது, ஆவி சுருங்கும் அவ்வளவு தான். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி தாங்கணும், ஆனா அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கும், ஈரம் ஏறினதுக்கு உள்ள வரையறையே 140 டிகிரி தான். டாட் 4 வந்து 230, ஈரம் ஏறினா 155. உங்க வண்டியில கடைசியா எப்ப எண்ணெய் மாத்தினாங்கன்னு உங்களுக்கே நினைவு இருக்காதுன்னு நினைக்கறேன்.

இத சரி பண்ணாம ரோட்டுல எடுக்காதீங்க. இறக்கத்துல பிரேக் இல்லாம வண்டி போனத நான் கண்ணால பாத்திருக்கேன். புகை வந்தா தண்ணி ஊத்தாதீங்க, கொதிக்குற இரும்பு டிஸ்க் மேல தண்ணி பட்டா வெடிப்பு விழும், கோணும். ஓரமா நிறுத்தி, கியர்ல விட்டு, கட்டை போட்டு, தானா ஆற விடணும். புல்லு, சருகு மேல நிறுத்தவே கூடாது.

ஸ்பேனர் 14

நின்ன வண்டின்னாலே காலிப்பர் பிஸ்டன் துரு தான் நண்பா. நின்ன இடத்துலயே ஈரம் குடிச்சு பிஸ்டன் ஓரத்துல துரு ஏறும், வெளிய போகும், திரும்ப வராது. ரெண்டு பக்கமும் காலிப்பர் புதுசு போடுங்க, புது எண்ணெய் ஊத்துங்க, முடிஞ்சுது.

பட்டறைக்காரர்

ஸ்பேனர் தம்பி சொல்றது நடக்காத விஷயம் இல்ல, ஆனா பாக்காமலே காலிப்பர் வாங்க சொல்ல நான் ஒத்துக்க மாட்டேன். முப்பது வருஷமா இதே வேலை. பிரேக் பிடிச்சுக்கிட்டு வர்ற வண்டியில பாதிக்கு மேல ஆறின பிறகு தான் பட்டறைக்கு வருது, ஆறினதும் நோய் ஒளிஞ்சுக்கும், அப்புறம் எல்லாரும் குத்துமதிப்பா பாகம் மாத்தறாங்க. தோட்டத்து தம்பிக்கு நடந்ததும் அது தான். ஃப்ரீயா சுத்துற வீல சுத்தி பாத்து என்ன தெரியப்போகுது?

பிரேக் பிடிச்சிருக்கும்போதே பாக்கணும். அப்ப கேக்க வேண்டிய கேள்வி ஒன்னே ஒன்னு. பெடல்ல இருந்து கால எடுத்த பிறகும் அந்த காலிப்பருக்குள்ள எண்ணெய் அழுத்தம் மாட்டிக்கிட்டு இருக்கா, இல்ல அழுத்தம் எல்லாம் போயிடுச்சு ஆனா இரும்பு இரும்போட சிக்கிக்கிட்டு நிக்குதா. இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. கழட்டின பழைய பேட் உங்ககிட்ட இருக்கா? முன்னாடி இடது வீல் சூடாச்சா?

தோட்டத்து வண்டி

பழைய பேட் வண்டியிலயே கிடந்துது, இப்ப எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தேன் அண்ணே. வலது பக்கம் உள் பேட் 3 மி.மீ. தான் மிச்சம், வெளி பேட் 7 மி.மீ. இருக்கு. அதுலயும் உள் பேட் ஒரு முனை தேஞ்சு மறுமுனை தடியா, ஆப்பு மாதிரி இருக்கு. இடது பக்க பேட் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இடது வீல் சூடாகல, கை வைக்கலாம்.

பட்டறைக்காரர்

அந்த பேட தூக்கி போடாதீங்க, அது நிறைய பேசுது.

உங்க வண்டியில இருக்குறது மிதக்குற காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் தான், உள் பக்கம். பிஸ்டன் உள் பேட டிஸ்க் மேல தள்ளும், அந்த எதிர்விசையில காலிப்பர் மொத்தமும் ரெண்டு ஸ்லைடு பின் மேல நகர்ந்து வெளி பேட இழுத்துட்டு வரும். பின் நகரலன்னா வெளி பேட் சும்மா இருக்கும், உள் பேட் மட்டும் எல்லா வேலையும் பாத்து தேயும். ஒரு பின் நகர்ந்து இன்னொன்னு நகரலன்னா காலிப்பர் சாஞ்சு உக்காரும், பேட் ஆப்பு மாதிரி தேயும். ஆக ஒரு பின் சரியில்ல, இத நான் பாக்காமலே சொல்லுவேன்.

ஆனா பின் மட்டுமே இவ்வளவு புகைக்கு காரணம்னு எனக்கு தோணல. பின் சிக்கினா எப்பவும் லேசா உரசும், முதல் கிலோமீட்டர்ல இருந்தே உரசும். உங்களுக்கு பத்து கிலோமீட்டர் நல்லா ஓடி அப்புறம் ஏறுது. அது அழுத்தம் மாட்டிக்கிற வண்டியோட பழக்கம். எண்ணெய் திரும்பி போக வழி இல்லாம அடைஞ்சு நிக்கும், லேசா உரசும், உரசினா சூடு, சூடானா அடைஞ்ச எண்ணெய் விரியும், விரிஞ்சா பிஸ்டன இன்னும் தள்ளும், தள்ளினா இன்னும் சூடு. தன்னத்தானே கூட்டிக்கிட்டே போகும்.

இடது வீல் ஆறி இருக்குறதால பெடல் மிதிச்சா எண்ணெய அழுத்தி அனுப்பற மாஸ்டர் சிலிண்டர் மேல சந்தேகம் குறையுது, உங்கள மாதிரி வண்டியில முன்னாடி ரெண்டு வீலுக்கும் ஒரே அறையில இருந்து தான் எண்ணெய் போகும், அங்க அடைப்புன்னா ரெண்டும் கொதிச்சிருக்கும்.

புது ஓட்டுநர்

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், நான் கத்துக்கற ஆளு. பிஸ்டன திரும்ப இழுக்கறது எது? டிரம்ல ஸ்பிரிங் இருக்கு, டிஸ்க்ல ஒன்னையும் காணோமே?

மண்சாலை

நல்ல கேள்வி தம்பி, இத தெரிஞ்சுக்காம தான் பாதி பேர் காலிப்பர கழட்டறாங்க. பிஸ்டன சுத்தி ஒரு ரப்பர் வளையம் இருக்கு, அத வெட்டி பாத்தா உருண்டையா இருக்காது, சதுரமா இருக்கும். பெடல் மிதிச்சா பிஸ்டன் வெளிய போகும்போது அந்த வளையம் பிஸ்டன பிடிச்சபடியே லேசா முறுக்கிக்கும், கால எடுத்ததும் முறுக்கு பிரிஞ்சு பிஸ்டனையும் கூடவே உள்ள இழுக்கும். இழுக்கற தூரம் ஒரு மி.மீ.ல சின்ன பங்கு தான், அவ்வளவு இடைவெளி போதும். வேற ஸ்பிரிங் எதுவும் அங்க கிடையாது. ரப்பர் கிழடு ஆகி விறைச்சுப்போனா, இல்ல பிஸ்டன்ல துரு ஏறினா, இல்ல பின்னாடி எண்ணெய் திரும்பி போக வழி இல்லாம நின்னா, அந்த சின்ன இழுப்பு தோத்துடும்.

நான் விவசாய வண்டி ரெண்டு வச்சிருக்கேன், ரெண்டும் அறுவடை சமயத்துல மட்டும் ஓடும். நிக்குற வண்டிக்கு தான் பிரேக் அதிகம் கெடும், இத அனுபவத்துல சொல்றேன்.

கிரீஸ்கை

தோட்டத்து ப்ரோ, சோதனைய நான் எப்படி பண்ணுவேன்னு எழுதறேன், அண்ணன் தப்பு இருந்தா திருத்துங்க.

வண்டிய வெளி ரோட்டுக்கு எடுக்க வேணாம், சமதளமா காலி இடம் இருந்தா அங்கயே முதல், ரெண்டாம் கியர்ல சுத்துங்க, நடுவுல பல தடவ பிரேக் மிதிங்க. சூட்ட அளக்கற துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் இருக்கே, அத கடன் வாங்குங்க. பளபளன்னு தேஞ்ச டிஸ்க் முகத்துல அடிச்சா அது கம்மியா காட்டும், அதனால காலிப்பர் உடம்புலயோ டிஸ்க்கோட துரு ஓரத்துலயோ அடிங்க, இடது வலது ரெண்டுலயும் அதே இடத்துல. நம்பரவிட வித்தியாசம் தான் முக்கியம்.

பிடிச்சதும் உடனே நிறுத்தி பின்னாடி வீல் ரெண்டுக்கும் கட்டை போட்டு, முன்னாடி ஜாக்கி ஏத்தி, கட்டாயம் ஸ்டாண்டு மேல உக்கார வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பி வீல கழட்ட கூடாது. கையால சுத்தி பாருங்க, கெட்டியா நிக்கும். இப்ப பிளீடர்ல, அதாவது காலிப்பர்ல எண்ணெய வெளிய விடற சின்ன திருகுல, ஒரு டியூப் மாட்டி மறுமுனைய பாட்டில்ல விட்டு பிளீடர கால் சுத்து திறங்க. ஒரு சொட்டு வேகமா பீச்சி வந்து வீல் ஃப்ரீ ஆச்சுன்னா அழுத்தம் மாட்டி இருக்கு. ஃப்ரீ ஆகலன்னா காலிப்பரோ பின்னோ, பேட்டோட முனையில நீட்டிக்கிட்டு இருக்குற காதோ சிக்கி இருக்கு.

நெடுவழி

கண்ணாடி போட்டுக்கிட்டு, கை உறை போட்டுக்கிட்டு பண்ணுங்க. கொதிச்ச எண்ணெய் முகத்துல அடிச்சா பார்வை போயிடும். பெயின்ட் மேல பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, பெயின்ட அரிச்சுடும். பிரேக் தூசிய காத்து அடிச்சு ஊதாதீங்க, பழைய பேட்ல கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம், ஈர துணியால துடைங்க.

பட்டறைக்காரர்

கிரீஸ்கை எழுதினது சரி. பிளீடர் திறந்து ஃப்ரீ ஆச்சுன்னா அங்கயே நிறுத்தாம மறுபடி ஒரு தடவ பிடிக்க வச்சு அடுத்த இடத்துக்கு போகணும். மேல இருந்து வர்ற இரும்பு பைப்பும் ரப்பர் ஹோஸும் சேர்ற இடத்துல நட்ட லேசா தளர்த்துங்க. அங்க தளர்த்தினதும் வீல் ஃப்ரீ ஆச்சுன்னா ஹோஸ் நல்லா இருக்கு, அடைப்பு அதுக்கும் மேல. அங்க தளர்த்தியும் ஃப்ரீ ஆகல, ஆனா கீழ பிளீடர திறந்தா ஃப்ரீ ஆகுதுன்னா நடுவுல இருக்குற ஹோஸ் தான் குற்றவாளி, வேற யாரும் இல்ல.

படிக்கற மத்தவங்களுக்காக, ரெண்டு முன் வீலும் பிடிச்சா மாஸ்டர் சிலிண்டர, பெடல் விசைய கூட்டி கொடுக்கற பூஸ்டர்ல இருந்து நட்டு தளர்த்தி மூனு நாலு மி.மீ. முன்னாடி இழுங்க. அப்ப ஃப்ரீ ஆச்சுன்னா தள்ளு கம்பிக்கு இருக்க வேண்டிய சின்ன இடைவெளி இல்ல, பெடல்ல இருந்து கால எடுத்தாலும் கம்பி பிஸ்டன தள்ளிக்கிட்டே நிக்குது, அதனால எண்ணெய் டேங்குக்கு திரும்பற சின்ன துளை மூடியே இருக்கு. அப்பவும் ஃப்ரீ ஆகலன்னா மாஸ்டர்லயே பைப் நட்ட தளர்த்தி பாருங்க, அதுல விட்டுச்சுன்னா துளை அழுக்குலயோ உப்பின ரப்பர்லயோ அடைஞ்சிருக்கு. யாராவது தவறி பிரேக் ஆயில் டேங்குல எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊத்தி இருந்தா எல்லா ரப்பரும் உப்பிடும், அப்ப ஒரு இடத்துல நிறுத்த முடியாது, சிஸ்டம் முழுக்க ரப்பர் மாத்தணும். மூடிக்கு அடியில இருக்குற ரப்பர பாருங்க, அது உப்பி மூடியில உக்காரலன்னா அது தான் அடையாளம்.

தோட்டத்து வண்டி

பண்ணிட்டேன். களத்துலயே சுத்தினேன், இருபது நிமிஷத்துல பிடிச்சுது. காலிப்பர்ல அளந்தது இடது 58 டிகிரி, வலது 171. ஸ்டாண்டுல ஏத்தி வீல சுத்தினா ரெண்டு கையும் போட்டு தள்ளினாலும் அசையல. பிளீடர திறந்தேன், டியூப்ல கறுப்பா ஒரு பீச்சு, டக்குன்னு ஒரு சத்தம், வீல் சுத்திடுச்சு. அந்த சத்தத்த கேட்டதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லி புரிய வைக்க முடியாது, ரெண்டு வாரமா பேய் மாதிரி ஒளிஞ்சது கைல மாட்டின மாதிரி.

பிளீடர மூடி, காத்து நுழைஞ்சிருக்கும்னு பிளீட் பண்ணி அத வெளிய விட்டு, மறுபடி சூடாக்கி மறுபடி பிடிக்க வச்சேன். இப்ப ஹோஸ் மேல் நட்ட தளர்த்தினேன். ரெண்டு சொட்டு கசிஞ்சுது, வீல் அசையவே இல்ல. பிளீடர திறந்தேன், ஃப்ரீ.

ஆனா அண்ணே, ஹோஸ் வெளிய இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கு. வெடிப்பு இல்ல, உப்பல் இல்ல, மடக்கி பாத்தாலும் கீறல் இல்ல. அதனால தான் இன்னும் சந்தேகம்.

ஸ்பேனர் 14

ஹோஸ் நல்லா இருந்தா அது இல்லன்னு அர்த்தம் நண்பா, ரப்பர் கெட்டா வெளிய தெரியும். பிஸ்டன் தான்னு இன்னும் சொல்றேன்.

மண்சாலை

இல்ல தம்பி, பிஸ்டன் சிக்கி இருந்தா பிளீடர திறந்ததும் விட்டிருக்காது. அழுத்தம் போனாலும் துரு பிடிச்ச பிஸ்டன் அப்படியே தான் நிக்கும். இங்க ரெண்டு தடவையும் விட்டிருக்கு.

தோட்டத்து தம்பி, ஹோஸ் நடுவுல சட்டத்தோட பிடிச்சு வைக்கற இரும்பு பட்டை இருக்கா? ரப்பர சுத்தி நசுக்கி மாட்டின மாதிரி ஒரு கவ்வி? இருந்தா அதோட ஓரத்த திருப்புளியால சுரண்டி பாருங்க.

தோட்டத்து வண்டி

இருக்கு அக்கா. சுரண்டினா அடுக்கடுக்கா துரு உரியுது, பிஸ்கட் மாதிரி.

மண்சாலை

அங்க தான்.

துரு இரும்பவிட அதிக இடம் எடுக்கும். கவ்வி வெளிப்பக்கம் விரிய முடியாது, அதனால துரு உள்பக்கம் வளர்ந்து ரப்பர நெரிக்கும். நெரிச்ச இடத்துல துளை ஊசி அளவுக்கு வந்துடும். நீங்க பெடல் மிதிக்கும்போது ரொம்ப பெரிய அழுத்தம், அந்த ஊசி துளையிலயும் எண்ணெய் நுழைஞ்சு போயிடும், பிரேக் பிடிக்கும். கால எடுத்தா திரும்ப தள்ள இருக்குறது அந்த சதுர ரப்பர் வளையத்தோட முறுக்கு மட்டும் தான், அதுக்கு ஊசி துளையில எண்ணெய தள்ள பலம் பத்தாது. மெதுவா, ரொம்ப மெதுவா கசிஞ்சு வரும். அதனால தான் அரை மணி நேரம் நின்னா ஃப்ரீ ஆச்சு. ரப்பர் வெளிய எவ்வளவு அழகா இருந்தாலும் இத காட்டாது. என் ரெண்டாவது வண்டியில இதே தான், ரெண்டு காலிப்பர் மாத்தின பிறகு தான் எனக்கு புரிஞ்சுது, அதனால தான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

இன்னொரு வகையும் இருக்கு, ஹோஸோட உள் படலம் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்கி ஒரு வழி கதவு மாதிரி வேலை செய்யும். போகும்போது விடும், வரும்போது மூடும். எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒன்னு தான், ஹோஸ் மாத்தணும்.

புது ஓட்டுநர்

கவ்விய மட்டும் திருப்புளியால விரிச்சு விட்டா போதாதா அக்கா?

பட்டறைக்காரர்

அக்காவுக்கு பதிலா நான் சொல்றேன். வழியில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர அப்படி விரிச்சு வந்தவங்க இருக்காங்க. ஆனா வருஷக்கணக்கா நெரிஞ்ச ரப்பர் உள்ள நூல் அறுந்து இருக்கும், விரிச்சா பிடிமானம் போய் அந்த இடத்துல வெடிக்கலாம். பிரேக் ஹோஸ்ல இந்த விளையாட்டு வேணாம். ஜோடியா மாத்துங்க, இடது பக்கமும் அதே வயசு தான்.

தோட்டத்து வண்டி

ரெண்டு ஹோஸும் மாத்தினேன். வலது பழைய ஹோஸ கவ்வி இருந்த இடத்துல பிளேடு வச்சு குறுக்க வெட்டினேன், கை நடுங்குச்சு. கவ்விக்கு ரெண்டு விரல் தள்ளி வெட்டின இடத்துல துளை பென்சில் லீடவிட பெரிசா, நல்ல வட்டமா இருக்கு. கவ்விக்கு அடியில வட்டமே இல்ல, ஒரு கீறல். மூடின கண்ணு மாதிரி. சிரிஞ்ச்ல எண்ணெய் ஏத்தி பாத்தேன், கட்டைவிரல் வலிக்கற அளவுக்கு அழுத்தினா ஒரு நூல் மாதிரி வருது, மெதுவா அழுத்தினா வரவே இல்ல. அக்கா சொன்னது அப்படியே.

ஆனா கதை முடியல. புது ஹோஸ் போட்டு பிளீட் பண்ணி ஓட்டினேன். இடது 55, வலது 94. புகை இல்ல, இழுப்பு இல்ல, ஆனா வித்தியாசம் இருக்கு.

பட்டறைக்காரர்

இருக்கணும். ஆப்பு மாதிரி தேஞ்ச பேட மறந்துட்டீங்களா? ஒரு பின் இன்னும் உங்களுக்காக காத்துக்கிட்டு இருக்கு. காலிப்பர கழட்டி கம்பியில கட்டி தொங்க விடுங்க, புது ஹோஸ்ல தொங்க விடாதீங்க. ரெண்டு பின்னையும் கையால இழுத்து பாருங்க.

தோட்டத்து வண்டி

மேல் பின் விரலால தள்ளினா வழுக்கிட்டு போகுது. கீழ் பின் வரவே இல்ல, சுத்தியல் வச்சு தட்டி, முறுக்கி, கால் மணி நேரம் போராடி தான் வந்துச்சு. அந்த பின் முனையில ஒரு ரப்பர் உறை இருக்கு, அது உப்பி துளையில இறுக்கமா நிக்குது. சுத்தி பழுப்பு நிறத்துல சாதாரண சேஸிஸ் கிரீஸ். எப்பவோ யாரோ நல்ல எண்ணத்துல தடவினது.

கிரீஸ்கை

அது தான் காரணம் ப்ரோ. பிரேக்ல இருக்குற ரப்பர் பெட்ரோலிய எண்ணெய தாங்காது, குடிச்சு உப்பும். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் தான், அதுவும் பிரேக்குக்குன்னு சொல்லி விக்குறது, சூடு தாங்கறது. அந்த ரப்பர் உறையும் தூசி மூடியும் புதுசு போடுங்க. பின் துளைய பிரேக் கிளீனர் அடிச்சு, சின்ன பிரஷ் விட்டு, பழைய கிரீஸ் ஒரு துளி இல்லாம எடுங்க. புது கிரீஸ நிறைய அமுக்காதீங்க, பின் மேல மெல்லிசா ஒரு பூச்சு, நிறைய வச்சா காத்து அடைஞ்சு பின் ஸ்பிரிங் மாதிரி திரும்ப தள்ளும். மேல் பின் கீழ் பின் மாத்தி போட்டுடாதீங்க, உறை இருக்குறது எந்த துளையோ அதுல தான்.

பேட் காது உக்கார்ற இடத்துலயும் துரு இருக்கும், அந்த தகடுகள கழட்டி அடியில அரத்தால தேச்சு பளிச்சுன்னு ஆக்குங்க. தகட்டுக்கு அடியில துரு வளர்ந்தாலும் பேட நெரிக்கும், அக்கா சொன்ன அதே கதை தான் வேற இடத்துல.

ஸ்பேனர் 14

சரி, ஹோஸ் விஷயத்துல நான் தப்பு, ஒத்துக்கறேன், பிளீடர் சோதனைய இனி நானும் பண்ணுவேன். ஆனா ஒன்னு விட மாட்டேன். அந்த காலிப்பர் அவ்வளவு சூட்ட பல தடவ பாத்திருக்கு, புகை வர்ற அளவுக்கு. பிஸ்டன் ரப்பர் வளையமும் தூசி மூடியும் வெந்து போயிருக்கும். காலிப்பர கைல வச்சுக்கிட்டே அப்படியே மாட்டாதீங்க, ரிப்பேர் கிட் போடுங்க.

பட்டறைக்காரர்

ரொம்ப சரியான பேச்சு தம்பி. பிஸ்டன வெளிய எடுக்க காத்து அடிக்காதீங்க, துப்பாக்கி குண்டு மாதிரி வரும், விரல் போயிடும். ஹோஸ் மாட்டின நிலையிலயே நடுவுல கட்டை வச்சு பெடல மெதுவா மிதிச்சு எண்ணெயாலயே தள்ளி எடுங்க. பிஸ்டன் மேல நகத்த ஓட்டி பாருங்க, ரப்பர் உக்கார்ற பகுதியில நகம் குழியில மாட்டினா பிஸ்டன் மாத்தணும், கறை மட்டும்னா துடைச்சு போடலாம். ரப்பர புது பிரேக் ஆயில்ல நனைச்சு மாட்டுங்க, வேற எதுவும் தடவாதீங்க.

இனி எப்ப பிஸ்டன உள்ள தள்ளினாலும் பிளீடர திறந்து அழுக்கு எண்ணெய வெளிய விட்டு தள்ளுங்க. ஏபிஎஸ் இருக்குற வண்டியில இத விட்டுட்டா அந்த அழுக்கு மேல வால்வுக்குள்ள போய் அடைக்கும்.

அந்த வீல் பேரிங்கையும் பாருங்க. அவ்வளவு சூட்டுல ஹப்புக்குள்ள கிரீஸ் உருகி வழிஞ்சிருக்கும்.

காத்து பிரேக்

எல்லாத்தையும் படிச்சேன். என்னுது 10 டன் லாரி, காத்து பிரேக், அதுவும் நிறைய நிக்குது, பின்னாடி ஒரு வீல் சூடாகுது. இதே சோதனை எனக்கு ஆகுமா?

நெடுவழி

எண்ணெய் இல்லாத இடத்துல பிளீடர் இல்லண்ணே, ஆனா கேள்வி அதே தான், அழுத்தமா இரும்பா. முதல்ல காத்து மீட்டர பாருங்க. பார்க்கிங் பிரேக் உள்ள பெரிய ஸ்பிரிங்கால பிடிக்குது, காத்து தான் அத விலக்கி வைக்குது, அந்த அறையில கசிவு இருந்து காத்து குறைஞ்சா ஓடும்போதே ஸ்பிரிங் லேசா பிடிச்சுக்கும். காத்து நல்லா இருந்தா பிரேக் ஷூவ விரிக்கற, எஸ் மாதிரி வளைஞ்ச கேம் தண்டோட புஷ் துரு பிடிச்சு திரும்பாம நிக்குதான்னு பாருங்க, நிக்குற லாரியில இது தான் அடிக்கடி. பெடல விட்டதும் தள்ளு கம்பி முழுசா உள்ள போகுதான்னு ஒரு ஆள வச்சு பாக்கலாம். ஸ்பிரிங் இருக்குற டப்பாவ மட்டும் யாரும் பிரிக்காதீங்க, அந்த ஸ்பிரிங் ஆள கொன்னுடும்.

மண்சாலை

ஹேண்ட் பிரேக் பத்தி யாரும் சொல்லல. நிக்குற வண்டியில மழை ஈரத்தோட ஹேண்ட் பிரேக் இழுத்து விட்டா ஷூ லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும், கேபிள் உறைக்குள்ள துரு ஏறி லீவர விட்டாலும் கேபிள் திரும்பாது. நான் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடறதே இல்ல, சமதளத்துல கியர்ல விட்டு ரெண்டு பக்கமும் கட்டை. வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து கால் மணி நேரம் ஓட்டி, நாலஞ்சு தடவ நல்லா அழுத்தி மிதிச்சு டிஸ்க் துருவ துடைச்சு விடுவேன். எண்ணெய் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ஓடினாலும் நின்னாலும்.

தோட்டத்து வண்டி

முடிச்சேன். பிஸ்டன்ல ரப்பருக்கு வெளிய மட்டும் கறை, நகம் மாட்டல, துடைச்சு கிட் போட்டேன், பழைய தூசி மூடி கையில எடுத்தா அப்பளம் மாதிரி நொறுங்குச்சு, ஸ்பேனர் நண்பர் சொன்னது நல்லதா போச்சு. பின் புதுசு, உறை புதுசு. எண்ணெய் மொத்தமும் மாத்தினேன், பழசு டீ நிறத்துல வந்துச்சு, தெளிவா வர்ற வரைக்கும் நாலு வீல்லயும் விட்டேன். பேரிங் கிரீஸ் ஒரு பக்கம் கறுத்து போயிருந்துச்சு, கழுவி புதுசு வச்சேன். பேட் உக்கார 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து பத்துக்கு, முழுசா நிறுத்தாம, எட்டு தடவ, நடுவுல ஆற விட்டு.

நேத்து 40 கிலோமீட்டர் ஓட்டினேன். இடது 61, வலது 64. நாலாவது கியர்லயே வந்தேன். கால எடுத்தா வண்டி தானா உருண்டு போகுது, அப்பா ஓட்டும்போது இப்படி தான் போகும்.

பட்டறைக்காரர்

சந்தோஷம் தம்பி. அந்த இடது பழைய ஹோஸ வெட்டி பாத்தீங்களா?

தோட்டத்து வண்டி

நீங்க கேட்ட பிறகு இப்ப தான் வெட்டினேன் அண்ணே. கவ்விக்கு அடியில பாதி மூடி இருக்கு.